பெண் கேட்கப் போன இடத்தில் பேஸ் கிற்றார்

1

மன்னாரில் பெண் கேட்கப் போனால் மாப்பிள்ளை என்ன வேலை, குடிப்பானா, கோயிலுக்கு ஒழுங்காகப் போவானா என்று கேட்பார்கள். நானும் அந்த மூன்றுக்கும் பதில் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். ஒன்றுக்கு உண்மை, ஒன்றுக்குப் பாதி உண்மை, மற்றதுக்குப் பொய். எதற்கு எது என்று இங்கே எழுதமாட்டேன். அம்மாவும் இதை வாசிப்பா.

பாரிசுக்கு வெளியே ஒரு மாடிவீடு. ரயில் போகிற ஒவ்வொரு முறையும் யன்னல் கண்ணாடி நடுங்கும். கூட வேலை செய்கிறவனிடம் இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் கேக் பெட்டியோடு கதிரை நுனியில் இருந்தேன். நான் பெண் கேட்டுப் போன மெலனியின் அப்பா எமில் அங்கிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உன்ர கொப்பர் கிற்றாருக்கு வயர் கொழுவினவரோ?"

"எந்த வயர், அங்கிள்?"

"தெரியாத மாதிரி நடியாதை. மின்திருக்கைக் குழுவில பேஸ் கிற்றார் அடிச்ச மரியான் உன்ர அப்பாதானே? பெருநாள் இரவு விடிய விடிய மேடையில நிண்டவர். வயர் கொழுவேல்லை. ஒரு சத்தம் வரேல்லை. ஆனா விரலை மட்டும் அந்த ஆட்டு ஆட்டினவர். ஊரையே ஏமாத்திப் பேய்க்காட்டின ஆள். பேய்க்காட்டிறவன்ர மகனுக்கு நான் எப்பிடியடா பொம்பிளை தாறது?"

பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற மெலனி, "அப்பா, அது நீங்கள் எல்லாம் பெல்பொட்டம் போட்ட காலத்துக் கதை," என்றாள்.

"ஓம். நான் இன்னும் மறக்கேல்லை," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். கேக்கை மட்டும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

2

இந்தக் கதை ஊரில் இப்போது இருக்கிற பெடியளுக்கு விளங்காது. ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எழுபதுகளில் எங்கள் தீவில் இரண்டு கிற்றார்க் குழுக்கள் இருந்தன. மன்னார் பட்டினத்தில், உப்புக்குளத்துப் பக்கம், ‘கொண்டல்’. மேற்கே எங்கள் கரையில் ‘மின்திருக்கை’. தொட்டால் கரண்ட் அடிக்கிற மீன் அது. இரண்டுமே தங்களை றொக் குழு என்றுதான் சொல்லிக்கொண்டன. இரண்டு பக்கத்தாரும் தெருக் கூட்டுகிற அகலத்தில் காற்சட்டை போட்டார்கள், தலைமயிர் வெட்டச் சொன்ன சுவாமியாருக்கு ஒளித்துத் திரிந்தார்கள்.

வேறுபாடு இதுதான். கொண்டல்காரர் றேடியோவில் வரும் வெள்ளைக்காரப் பாட்டுகளைக் கேட்டு, இருமல் தும்மல் உட்பட அப்படியே அடிப்பார்கள். அவர்களிடம் கட்டைகளை அமத்தி வாசிக்கிற ஓகன் இருந்தது. அதை வாசித்த சலீம் நானா ஒரு பாட்டுக்குள் இறங்கினால், கேட்கிறவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்குமாம். மின்திருக்கையிடம் ஓகன் இல்லை. மூன்று கிற்றார், ஒரு ட்றம், பாட ஒருவர். பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. ட்றம் அடித்தவர் பகலில் கரைவலை இழுக்கிறவர். வலை இழுக்கிற தாளத்திலேயே ட்றம்மும் அடிப்பார். மெதுவாகத் தொடங்குமாம், முடியும்போது கேட்டவனுக்கும் வியர்க்குமாம்.

கோயில் பெருநாள் இரவில் இரண்டு குழுவும் ஒரே மேடையில் ஏறும். மாறி மாறிப் பாட்டு. நடுவர் கிடையாது, பரிசு கிடையாது. ஒரேயொரு சட்டம்தான்: மேடையை விட்டு இறங்கினவன் தோற்றவன். ஒரு ஆள் இறங்கினாலும் முழுக் குழுவும் இறங்கின மாதிரி. சிறுநீர் முட்டினாலும் நிற்கவேண்டும்.

அந்தப் போட்டியைத்தான் இங்கே இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிய, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணியும் பற்றிசும் கொடுப்பார்கள். மண்டபத்தில் எத்தனையோ மேசைகள். ஆனால் மன்னார் ஆட்களுக்கு இரண்டே இரண்டுதான்: கொண்டல் மேசை, மின்திருக்கை மேசை. நான் பிறக்கும்போது இரண்டு குழுவும் கலைந்து கனகாலம். ஆனாலும் வந்த முதல் ஞாயிறே, ஆரின்ர மகன் என்று கேட்டு, என்னை மின்திருக்கை மேசையில் இருத்திவிட்டார்கள். இந்த நாட்டில் எனக்கு உடனே கிடைத்த ஒரே வதிவிட உரிமை அதுதான்.

"கொப்பி அடிக்கிறது ஒரு வித்தையோ? பள்ளிக்கூடத்தில கொப்பி அடிச்சாப் பிரம்பால அடி. மேடையில அடிச்சாக் கைதட்டு. நல்ல நியாயம்," என்று தொடங்குவார் எங்கள் மேசை யோவான் அங்கிள்.

"உங்கட குழுவுக்குக் கிற்றாரில மூண்டே மூண்டு கோட்ஸ்தான் பிடிக்கத் தெரியும். நாலாவதைச் சொன்னா, அது என்ன மீன் எண்டு கேப்பாங்கள்," என்பார் எமில் அங்கிள் கொண்டல் மேசையில் இருந்து.

"மூண்டு காணும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. உலகமே மூண்டிலதான் ஓடுது."

"அப்ப உங்களுக்கு ஓகன் விளங்காது."

"ஓகன் எங்களுக்கு எதுக்கு? நாங்கள் என்ன செத்த வீட்டிலயோ அடிச்சம்?"

ஒரு தரம் மெலனியின் தம்பி கெவினை நடுவராக்கப் பார்த்தார்கள். அவனுக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வான், பிரெஞ்சில் கேட்டால் தோளைக் குலுக்குவான். காதில் எப்போதும் ஏதோ ஒன்று கொழுவியிருக்கும். அவன் இரண்டு பக்க வாதத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போனில இருக்கா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"இல்லை."

"ரெக்கோட்?"

"ஒரு பாட்டும் பதியேல்லை, மகன்."

"அப்ப ரெண்டும் இல்லைத்தானே," என்று பிரெஞ்சிலேயே சொல்லிவிட்டுக் காதைத் திரும்ப அடைத்துக்கொண்டான்.

அன்றைக்கு மட்டும் இரண்டு மேசையும் ஒரே மேசையாக இருந்து அவனைத் திட்டின.

3

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை கொடுத்தவன். கடலுக்குப் போகிற அவசரம். அந்த விடுமுறைதான் இங்கே என்னைத் துரத்துகிறது.

பகலில் ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் நிற்கிறேன். முன்பு கோப்பை கழுவினேன், இப்போது பீட்சா போடுகிறேன். ஊரில் அம்மா இதைப் பதவி உயர்வு என்று சொல்லித் திரிகிறாவாம். நம்புங்கள், தப்பில்லை. மாலையில் பிரெஞ்சு வகுப்பு. நீண்டகால வதிவிட அட்டை எடுப்பதென்றால் மொழிப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் காட்டவேண்டும். ரீச்சர் நல்ல மனிசி. நேற்று என்ன செய்தாய் என்று கேட்டா. நேற்று நான் மீன் சாப்பிடுவேன், நாளைக்கு மழை பெய்தது என்று சொன்னேன். உனக்குக் காலம் எல்லாம் ஒன்றுதான் போல என்றா. பரீட்சையில் வாயால் தப்பினேன், எழுத்தில் விழுந்தேன்.

அட்டை புதுப்பிக்கப் போன இடத்திலும் இதே கதைதான். குளிருக்குள் வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் எல்லாக் கடதாசியையும் நீட்டினேன். ஒன்றும் குறையவில்லை. ஆனால் படத்தைத் திருப்பித் தந்துவிட்டா. நான் அதில் சிரிக்கிறேனாம். சிரிக்காத முகத்தோடு வா என்றா. சிரிக்காத என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. படம் எடுக்கிற பெட்டிக்குள் இருந்து எமில் அங்கிளை நினைத்துக்கொண்டேன். உடனே சரிவந்தது.

பெண் கேட்டுப்போன அந்தக் கிழமை, பஸ் தரிப்பில் மெலனி என்னிடம் உள்ளதைச் சொன்னாள். அவள் தாதிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள்.

"அப்பாவுக்கு வயர் பிரச்சினை இல்லை, யூட். உன்ர படிப்புத்தான் பிரச்சினை. அதைச் சொல்ல அவருக்கு வெக்கம். அவரும் பெரிசாப் படிக்கேல்லை."

"அப்ப ஏன் என்ர அப்பாவை இழுக்கிறார்?"

"அது லேசு. அங்க ஊரில இருக்கிற ஆளுக்குக் கேக்காதுதானே."

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸைத் தவறவிட்டேன். மற்ற பஸ் வருமட்டும் நின்று யோசித்தேன். என்னை வேண்டாம் என்றால் என் எட்டாம் வகுப்பைச் சொல்லி வேண்டாம் என்று சொல்லட்டும். அது உண்மை, தாங்கிக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். ஆனால் அப்பாவைப் பேய்க்காட்டி என்று சொல்லி என்னைத் தள்ள விடமாட்டேன். முதலில் அப்பாவின் பெயர். பிறகு பரீட்சை. பிறகு கலியாணம். இந்த ஒழுங்கை நான் மாற்றப்போவதில்லை என்று மெலனியிடம் சொன்னேன்.

"நடுவில என்னட்டையும் ஒருக்காக் கேள்," என்றாள்.

"சரியோ?" என்று கேட்டேன்.

"ஓம், சரி. இப்ப பஸ்ஸில ஏறு."

4

குசினியில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு எடுத்தேன். போனில் அவருடைய நெற்றியும் கூரைத் தகரமும் தெரிந்தன. முகத்தைக் காட்டச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். நெற்றியோடுதான் கதைப்பேன்.

"அப்பா, அந்தப் பெருநாளில கிற்றாருக்கு வயர் கொழுவினனீங்களோ, இல்லையோ?"

நெற்றி சுருங்கியது.

"இதை ஆர் உனக்குச் சொன்னது?"

"அதை விடுங்கோ. கொழுவினனீங்களோ?"

"கொழுவினனான். மூண்டாம் பாட்டில சத்தம் நிண்டுபோச்சு."

"பிறகு?"

"பிறகென்ன, அடிச்சனான். விடியுமட்டும் அடிச்சனான்."

"சத்தம் வராமலோ?"

"ட்றம்காரன் என்ர விரலைப் பாத்துத்தான்ரா தாளம் பிடிக்கிறவன். சத்தம் இல்லாட்டியும் அவனுக்கு விரல் வேணும்."

"பின்னால போய் என்னெண்டு பாத்திருக்கலாமே?"

"விசரா உனக்கு? அம்பிளிபயர் எல்லாம் மேடைக்குப் பின்னால, கீழ. முன்னால வைச்சா ஆடுற பெடியள் மண் அள்ளி எறிவாங்கள் எண்டு, வள்ளத்துப் பாயைக் கட்டி மறைச்சிருந்தது. வயர் பாய்க்குக் கீழால போகும். போய்ப் பாக்கிறதெண்டா இறங்கவேணும். இறங்கினா எல்லாரும் தோத்தமாதிரி. என்ர ஒருத்தனால அது நடக்க விடுவனோ?"

விடிந்து, சுவாமியார் வந்து இரண்டு குழுவையும் பூசைக்கு நேரமாச்சு என்று கலைத்த பிறகுதான் அப்பா பின்னால் போயிருக்கிறார். வயர் நுனி மண்ணில் கிடந்ததாம். யாரோ தடக்குப்பட்டிருப்பார்கள் என்று சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"சொன்னா, மின்திருக்கைக்கு ஒரு ஆள் குறைவெண்டு உப்புக்குளத்தார் கதை பரப்ப வெளிக்கிடுவாங்கள். கூட நிண்டவங்களுக்கே அம்பிளிபயர் பழுதெண்டுதான் சொன்னனான். கொம்மாவுக்கும் சொல்லேல்லை."

"எனக்கு என்னத்தைச் சொல்லேல்லை?" என்று பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. நெற்றி அவசரமாக மறைந்தது.

நான் போனைப் பிடித்தபடி அடுப்புக்கு முன் நின்றேன். அப்பா ஒருவருக்கும் சொல்லவில்லை. முன்னால் இருந்து பார்த்தவர்களுக்கு வயர் கிற்றாரில் இருந்து பாய்க்குக் கீழே போவது தெரிந்திருக்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரிந்திராது. பேஸ் சத்தம் கேட்கவில்லை என்று ஊரில் எவனும் சொல்லலாம். வயர் கொழுவவில்லை என்று சொல்லவேண்டுமென்றால், அவன் பாய்க்குப் பின்னால் போயிருக்கவேண்டும்.

அன்றைக்கு இரண்டு பீட்சா கருகின. முதலாளி கத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

5

மண்டபத்தில் இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று கேட்கத்தான் ஆசை. மெலனி விடவில்லை. "வீட்டில கேள். அவருக்கும் ஒரு மேசை இருக்கு, அங்க அவர் பிறகும் இருக்கவேணும்," என்றாள். ஆகவே ஞாயிறு பின்னேரம், கோட் இல்லாமல், கேக் இல்லாமல் போனேன். அவளுடைய அம்மா வேலைக்குப் போயிருந்தா. கெவின் சோபாவில் படுத்திருந்தான்.

"அங்கிள், அண்டைக்கு நீங்கள் எங்க இருந்து பாத்தனீங்கள்?"

"முன்னுக்கு. மண்ணில, முதல் வரிசை. சலீம் நானாவின்ர ஓகனுக்கு நேர."

"அங்க இருந்தா எல்லாம் தெரியுமோ?"

"ஏன் தெரியாது? விரல் நகம் தெரியும்."

"அம்பிளிபயர் தெரியுமோ?"

"அது பாய்க்குப் பின்னால இருந்ததடா, அது எப்பிடி..."

கெவின் ஒரு காதைத் திறந்தான்.

"அப்ப வயர் கழண்டதை எந்தக் கண்ணால கண்டனீங்கள், அங்கிள்?"

"பின்னால... ஒண்டுக்குப் போனனான். கழண்டு கிடந்தது."

"கழண்டு கிடந்தா எடுத்துக் கொழுவிவிட்டிருக்கலாமே. பாவம், எங்கட அப்பா மேல நிண்டு சத்தமில்லாமல் விரலைத் தேய்ச்சுக்கொண்டு நிக்கிறார்."

"அப்பா," என்றாள் மெலனி.

ஒரு ரயில் போனது. கண்ணாடி நடுங்கி முடியும்வரை அவர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பதினேழு வயசடா. உன்ர கொப்பர் அடிச்ச அடியில ஓகன் கேக்கேல்லை. நெஞ்சுக்குள்ள இடிக்குது. கோயில் கதவு அதிருது. எங்கட ஆக்களே தலையை ஆட்டத் துவங்கிட்டாங்கள். சலீம் நானா என்னைப் பாக்கிற மாதிரி இருந்துது. என்னால தாங்க ஏலேல்லை. போனன். புடுங்கினன்."

"சீற் பண்ணி ஏமாத்தினீங்களா, அப்பா?" என்றான் கெவின். தமிழில். அவன் தமிழில் ஒரு முழு வசனம் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

எனக்கு நக்கலாகச் சொல்ல எத்தனையோ இருந்தது. ஆனால் அப்பாவுடைய வாசிப்பைப் பற்றி யாரும் இவ்வளவு உயர்வாகச் சொல்லி நான் கேட்டதில்லை. யோவான் அங்கிள்கூடச் சொன்னதில்லை.

எமில் அங்கிள் நிமிர்ந்தார். பிடிபட்ட மனிதனுக்கு வருகிற கோபம் அவருக்கும் வந்தது. அந்தக் கோபத்தில்தான் உள்ளதைச் சொன்னார்.

"சரி, வயரை விடு. நீ எட்டாம் வகுப்பு. இவள் நாளைக்கு ஆசுப்பத்திரியில பெரிய ஆக்களோட வேலை செய்யப்போறாள். அவளுக்குப் பக்கத்தில நிண்டு நீ என்னத்தைக் கதைப்பாய்? கந்தோரில ஒரு கடதாசி குடுத்தா வாசிப்பியோ? நான் இஞ்ச வந்து வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைச்சு வைச்சுப் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும்."

"இதைத்தான் முதல் நாளே கேட்டிருக்கவேணும், அங்கிள். இதுக்கு என்னட்ட மறுமொழி இருக்கு. பரீட்சையில விழுந்தனான். திரும்ப எடுக்கிறன். திரும்ப விழுந்தாத் திரும்ப எடுப்பன். பாஸ் பண்ணினாப் பிறகுதான் கலியாணம், அதை நானே சொல்றன். நீங்கள் இல்லையெண்டு சொன்னாலும் நான் நாளைக்குப் பின்னேரம் வகுப்புக்குப் போவன். நாளையிண்டைக்கும் போவன். ஆனா நாங்கள் ரெண்டு பேரும் வேற ஆள் பாக்கமாட்டம்."

"ஓம்," என்றாள் மெலனி.

எமில் அங்கிள் என் போனைக் காட்டினார். "கொப்பருக்கு எடு," என்றார்.

எடுத்தேன். அப்பாவின் நெற்றி வந்தது. போனை எமில் அங்கிளின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மரியான் அண்ணை, நான் எமில். உப்புக்குளம். தபால் கந்தோரில வேலை செய்த அல்போன்சின்ர மகன்."

"ஓ, சொல்லும் தம்பி."

"அண்ணை, அண்டைக்கு உங்கட வயரைப் புடுங்கினது நான்தான்."

அங்கே ஒரு காகம் கத்தியது. போன் மெதுவாகக் கீழே இறங்க, நெற்றிக்குக் கீழே முதல்முறையாக அப்பாவின் கண்கள் தெரிந்தன.

"நீரோ? ஏன் புடுங்கினனீர்?"

"உங்கட சத்தத்தில கோயில் கதவு அதிர்ந்தது, எங்கட ஓகன் கேக்கேல்லை, அண்ணை."

"கேட்டதோ? அந்த மட்டுக்குக் கேட்டதோ?" அப்பா எங்கோ திரும்பிக் கத்தினார். "இஞ்ச வாருமப்பா! இவர் சொல்றதைக் கேளும்! கோயில் கதவு அதிர்ந்ததாமோ, தம்பி?"

"அதிர்ந்ததுதான், அண்ணை."

அப்பா சிரித்தார். எமில் அங்கிள் கண்ணைத் துடைத்தார். நல்ல இடத்தில் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அப்போது அப்பா சொன்னார்:

"அப்ப பேஸ் இல்லாமலே நாங்கள் உங்களை வெண்டிருக்கிறம்."

எமில் அங்கிள் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"ஆர் வெண்டது? நில்லுங்கோ அண்ணை, ஆர் வெண்டது? சலீம் நானாவின்ர கடைசிப் பாட்டுக்கு உங்கட ஆக்களே கைதட்டினவங்கள்!"

"அது கடிச்ச நுளம்புக்கு அடிச்சது!"

"நுளம்புக்கு ஊரே சேந்து அடிக்குமோ?"

"எங்கட நுளம்பு அப்பிடி!"

"கதையாதேங்கோ! போனில கதைச்சு ஏலாது. கலியாணத்துக்கு வருவீங்கள்தானே, பெருநாளில நிண்ட ஆக்களை எல்லாம் கூட்டி வைச்சுக் கேப்பம்!"

"ஆற்ற கலியாணத்துக்கு?"

"உங்கட மகன்ர கலியாணத்துக்கு! வேற ஆற்ற?" என்று எரிந்து விழுந்தார் எமில் அங்கிள். "அவன் பாஸ் பண்ணட்டும், வைப்பம். அதை விடுங்கோ, முதல் இந்த நுளம்புக் கதைக்கு வாங்கோ!"

மெலனி என் சட்டையின் பின்பக்கத்தை இறுகப் பிடித்தாள். கெவின் இரண்டு காதையும் திறந்துவிட்டு எழுந்து இருந்தான். இரண்டு கிழவர்களும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்காமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கை உளைந்தது. மற்றக் கைக்கு மாற்றினேன், போனைக் கீழே வைக்கவில்லை.